அமைச்சர் பொறுப்பிலுள்ள இடம்

மருதங்கோட்டையைக் கோதண்ட பூபதி ஆண்ட காலம். அரண்மனை வேலைக்காரர்களுக்கு அறுபது வீடுகள் உண்டு. மன்னரின் பாட்டனார் கட்டிக்கொடுத்தவை. சுவரெல்லாம் விரிசல், கூரையெல்லாம் ஒழுகல். பழுது பார்க்கச் சொல்லி இருபது வருஷமாக மனு போனது. அமைச்சர் அம்பலவாணரும் இருபது வருஷமாகப் படித்துக்கொண்டே இருந்தார். நிதானமாகப் படிக்கிறவர்.

ஒருநாள் திடீரென்று அவருக்கு ஏழைகள்மேல் இரக்கம் பொங்கிவிட்டது. கடைவீதி அந்தப் பக்கம் வளர்ந்ததற்கும் இரக்கத்துக்கும் சம்பந்தமே இல்லையாம். அவரே சொன்னார்.

"இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம், பிரபு. அதுவரை குடிகள் கள்ளிமேட்டில் இருக்கட்டும்."

கள்ளிமேடு இரண்டு காதம் தள்ளி. அங்கே தண்ணீர் கிடையாது. பாம்புக்குப் பஞ்சமில்லை.

குடிகள் நகர மறுத்தார்கள். அவர்களுக்காக மருத்துவச்சி ஆவுடை சபைக்கு வந்தாள்.

"எப்போ சாமி திரும்பி வருவோம்?"

"விரைவில்" என்றார் அமைச்சர்.

"எல்லாரும் ஒரே தெருவுக்கா?"

"அது அப்போதைய இடவசதியைப் பொறுத்தது."

"எங்க தெருவுல மூணு பேரு நிறைமாசம். நான் ஒரு மூலை, அவங்க ஒரு மூலைன்னா, பிள்ளை காத்துக்கிட்டா இருக்கும்?"

அமைச்சர் அதை மனுவாகக் கொடுக்கச் சொன்னார்.

மன்னர் சங்கடத்தோடு விகடகவி மாசிலாமணியைப் பார்த்தார். "நாளைப் பொழுது சாய்வதற்குள், ஒரு கண்ணும் கலங்காமல் இவர்களைக் கிளப்ப உன்னால் முடியுமா?"

"ஆணையைக் கொடுங்கள், பிரபு. எழுதியபடியே செய்கிறேன்."

அமைச்சரே எழுதினார். கள்ளிமேடு என்று எழுதினால் பார்க்க நன்றாயிராது. அதனால், 'பணி முடியும்வரை குடிகள் அமைச்சர் பொறுப்பிலுள்ள தகுந்த இடத்தில் வசிப்பார்கள்' என்று அழகாக எழுதினார். மன்னர் முத்திரை வைத்தார்.

மறுநாள் மாலை அமைச்சர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பிரபு, என் மாளிகையில் அறுபது குடும்பம். மல்லிகைப் பந்தலை ஆடு மேய்கிறது. என் கட்டிலில் ஒரு பிரசவம்."

"ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சௌக்கியம்" என்றான் மாசிலாமணி.

"யாரைக் கேட்டு அனுப்பினாய்?"

"ஆணையைக் கேட்டுத்தான். உங்கள் பொறுப்பில் எத்தனையோ இடம் உண்டு, ஐயா. தகுந்ததாக இருப்பது அது ஒன்றுதான்."

மன்னர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். "முத்திரை வைத்தாயிற்றே, அம்பலவாணரே."

அன்றுமுதல் விடியும் முன்பே அமைச்சர் செங்கல் சூளையில் நின்றார். கொத்தனாருக்குத் தாகமெடுத்தால் அவரே மோர் கொண்டு ஓடினார். ஐந்து வருஷம் ஆகக்கூடிய வேலை ஐந்து மாதத்தில் முடிந்தது. அதே தெரு, அதே அண்டை வீடு. ஒரு குடும்பமும் விடுபடாமல் அவரே பெயர் சொல்லி அழைத்துக் குடியேற்றினார். ஒருவர் விடுபட்டாலும் தன் வீட்டில் அல்லவா இருந்துவிடுவார்?

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன பரிசு வேண்டும், மாசிலாமணி?"

"பெரிதாக ஒன்றுமில்லை, பிரபு. இனி ஏழைகள் வீட்டை இடிக்க யாருக்காவது இரக்கம் வந்தால், முதலில் அவர் வீட்டுச் சாவியை வாங்கி என்னிடம் கொடுத்துவிடுங்கள்."