மேல நூத்தி எண்பது, கீழ நூத்திப் பத்து

ஓடைக்கரைப்பட்டி லாரி செட்டில் மூட்டை தூக்குகிற ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. நாலு பேரும் யோசிக்க உட்கார்ந்தால் மட்டும் பக்கத்துக் கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள், என்ன ஆகப்போகிறதோ என்று பார்க்க.

நாலு பேருக்கும் தலை தவசிக்கண்ணு மேஸ்திரி. வயது ஐம்பத்திரண்டு. மற்ற மூவர் ஒச்சப்பன், சன்னாசி, நல்லுக்காளை. மேஸ்திரி தும்மினால் இவர்கள் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். அவ்வளவு பாசம்.

ஒரு நாள் பருப்பு மூட்டை இறக்கும்போது மேஸ்திரிக்குப் பிடரி வலித்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. மூட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி பொன்னழகு அன்றைக்குத்தான் மகள் பிரசவத்துக்காகத் தூத்துக்குடிக்குக் கிளம்பியிருந்தாள். பஸ் ஏறப்போனவள் மூன்று பேரையும் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"இவரை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. டாக்டரம்மா என்ன சொல்றாங்களோ அதை அப்படியே செய்யணும். உங்க மூளையை அதுல கலக்கக் கூடாது."

"சத்தியமா கலக்க மாட்டோம் மதினி," என்றான் சன்னாசி.

அந்தச் சத்தியத்தை மூவரும் கடைசிவரை காப்பாற்றினார்கள். வினையே அதுதான்.

டாக்டர் ஜெபக்கனி மேஸ்திரியின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை அடித்துப் பார்த்தார். மறுபடியும் அடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"மேல நூத்தி எண்பது, கீழ நூத்திப் பத்து. ரொம்ப அதிகம். ரத்தக்குழாய் இறுகிப்போச்சு. அதுக்குள்ள ரத்தத்தைத் தள்ள இதயம் ரெண்டு மடங்கு பாடுபடுது. மூட்டை தூக்கித் தூக்கி உங்க புஜம் பருத்திருக்குல்ல? அது மாதிரி இதயத்தோட சுவரும் பருத்துப்போகும்."

மூவரும் பெருமையோடு மேஸ்திரியைப் பார்த்தார்கள்.

"நல்லதுதானே டாக்டரம்மா?" என்றான் ஒச்சப்பன்.

"புஜம் பருத்தா பலம். இதயம் பருத்தா சீக்கிரம் சோர்ந்துபோகும். ஒரு நாள் நின்னாலும் நின்னுரும்."

சன்னாசி அங்கேயே அழ ஆரம்பித்தான். டாக்டர் அவனைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பயப்படாதீங்க, அடக்கிரலாம். உப்பு, ஊறுகாய், கருவாடு, அப்பளம் எதையும் இவர் கையால தொடக் கூடாது. வாயைக் கட்டணும். இந்தா, பத்து மாத்திரை. தினம் ஒண்ணு. ஒரு நாள்கூட விட்டுறக் கூடாது. வலி இல்லைன்னு அசட்டையா இருந்துறாதீங்க. இது சத்தமில்லாம வந்து ஆளைச் சாய்க்கிற நோய்."

நல்லுக்காளை இரண்டாம் வகுப்புவரை படித்தவன். எல்லாவற்றையும் விரல் விட்டு எண்ணி மனப்பாடம் செய்துகொண்டான்.

மேஸ்திரியின் வீடு மாடியில். படிக்கட்டில் கால் வைக்கப்போனவரை நல்லுக்காளை வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணே, என்ன காரியம் பண்றீங்க? டாக்டரம்மா என்ன சொன்னாங்க? மேல நூத்தி எண்பது, கீழ நூத்திப் பத்து. மேல போனா எழுபது ஏறிக்கிரும்."

மேஸ்திரி தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தார். இத்தனை வருஷமாக இந்த ஆபத்திலா படுத்து எழுந்தோம் என்று அவருக்கு வியர்த்தது.

"பாதிப் படியில உக்காந்துக்கிடவா?"

"நூத்தி நாப்பத்தஞ்சு," என்றான் நல்லுக்காளை, கணக்குப் போட்டுவிட்டு.

"கீழேயே இருந்தாலும் நூத்திப் பத்து இருக்கே," என்று கவலைப்பட்டான் ஒச்சப்பன். "அதுக்கும் கீழ போனா?"

மற்ற மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒச்சப்பன் இவ்வளவு ஆழமாக யோசித்து அவர்கள் கண்டதே இல்லை.

லாரி செட்டில் ஒரு பள்ளம் உண்டு. மேலே லாரியை நிறுத்தி, கீழே நின்று கிரீஸ் அடிப்பதற்காக வெட்டியது. ஆறடி ஆழம். மெக்கானிக் ஊரில் இல்லாததால் சும்மா கிடந்தது. அதற்குள் ஒரு கயிற்றுக் கட்டிலை இறக்கி, கட்டில்மேல் மேஸ்திரியை இறக்கினார்கள்.

"எப்படிண்ணே இருக்கு?"

"குளுகுளுன்னு இருக்குடா. குறையுதுன்னுதான் நினைக்கிறேன்."

அடுத்தது மாத்திரை. மேஸ்திரி அதை வாயில் போடப்போனார். சன்னாசி பாய்ந்து கையைப் பிடித்தான்.

"விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கண்ணே! முழுங்கிட்டா அப்புறம் கையில ஏது?"

மேஸ்திரி அதை வலது கைக்குள் வைத்து இறுக மூடிக்கொண்டார். தூக்கத்தில் விட்டுவிடக் கூடாதே என்று கைமேல் துணியைச் சுற்றிக் கட்டினார்கள். மறுநாள் காலையில் பழையதை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, புதியதைக் கையில் கொடுத்தார்கள். ஒரு நாள் தவறவில்லை.

வாய்க்கு ஒரு துண்டு. அதைக் கட்டியபின் சாப்பாடு எப்படி என்று பெரிய விவாதம் நடந்தது.

"கட்டணும்னுதான் சொன்னாங்க. அவுக்கக் கூடாதுன்னு சொல்லலை," என்று தீர்ப்புச் சொன்னான் நல்லுக்காளை.

அதனால் அவிழ்த்து ஒரு வாய் கொடுப்பார்கள், கட்டுவார்கள், அவர் மென்று முடித்ததும் மறுபடி அவிழ்ப்பார்கள். ஒரு வேளைச் சோறு உள்ளே போக ஒரு மணி நேரம் ஆனது.

ஊட்டிவிட்டது சன்னாசி. மேஸ்திரி கையால்தானே உப்பைத் தொடக் கூடாது? எனவே சன்னாசி தன் கையாலேயே ஊறுகாயைத் தொட்டு வைத்தான். கருவாட்டை முள் எடுத்துக் கொடுத்தான். அப்பளத்தை நொறுக்கிப் போட்டான். பொன்னழகு வீட்டில் இருந்தால் இதில் பாதிகூடக் கண்ணில் படாது. டாக்டரம்மாவை மேஸ்திரி மனதார வாழ்த்தினார்.

கடைசியாக ஒரு சிக்கல் பாக்கி இருந்தது.

"சத்தமில்லாம வரும்னு சொன்னாங்களே, அதை எப்படித் தடுக்கிறது?"

"சத்தம் இருந்தா வராதுல்ல?" என்றான் ஒச்சப்பன். அந்த வாரம் அவனுக்கு மூளை தனியாக வேலை செய்துகொண்டிருந்தது.

காலி எண்ணெய் டின் ஒன்று கிடைத்தது. முறை போட்டுக்கொண்டு பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து அடித்தார்கள். மேஸ்திரி கண் அசந்தால் இன்னும் பலமாக அடித்தார்கள், அந்த நேரம் பார்த்து அது வந்துவிடக் கூடாதே என்று.

நாலாம் நாள் ஒரு நாமக்கல் லாரிக்காரர் கிரீஸ் அடிக்கலாம் என்று வண்டியைக் கொண்டுவந்தார். இறங்கிப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே கட்டிலில் ஒரு பெரிய மனுஷர், வாய் கட்டி, கை கட்டி. ஒருவன் கையில் கருவாட்டோடு காத்திருக்கிறான். ஒருவன் டின் அடிக்கிறான். கட்டிலில் கிடந்தவர் இவரைப் பார்த்து மரியாதையாக, "ம்ம்ம்," என்றார். லாரிக்காரர் வண்டியில் ஏறினார். ஊர் போய்ச் சேரும்வரை டீ குடிக்கக்கூட நிறுத்தவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம்.

ஆனால் மேஸ்திரிக்கு உடம்பு தேறவில்லை. பிடரி வலி கூடியது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. ஒன்பதாம் நாள் மத்தியானம் துண்டைத் தளர்த்தச் சொல்லிக் கேட்டார்.

"டேய், நான் பேரப்பிள்ளையைப் பாப்பனாடா?"

டின் சத்தம் நின்றது. சன்னாசி அவர் வாயோரத்தில் ஒட்டியிருந்த கருவாட்டுத் துணுக்கைத் துடைத்துவிட்டான்.

"கண்டிப்பாப் பாப்பீங்கண்ணே. பேரப்பிள்ளையைப் பாக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா ஒரு வார்த்தை சொல்லலையே."

பத்தாம் நாள் அவரைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். டாக்டர் அளந்து பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"இருநூறைத் தொடப்போகுதே! மாத்திரை சாப்பிட்டாரா இல்லையா?"

"சாப்பிடுறதா?" என்று அதிர்ந்தான் நல்லுக்காளை. டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தான். மேஸ்திரியின் கைத்துணியை அவிழ்த்தான். "ஒன்பதும் ஒண்ணும் பத்து. ஒண்ணைக்கூட விடலை டாக்டரம்மா. எண்ணிப் பாத்துக்கிடுங்க."

டாக்டர் எண்ணவில்லை. ஒரு கேள்வி கேட்டார். பள்ளம் வெளியே வந்தது. இன்னொரு கேள்வி கேட்டார். கருவாடு வந்தது. மூன்றாவது கேள்வி கேட்கத் தெம்பில்லாமல் மேஸ்திரியைக் கட்டிலில் படுக்கவைத்து, தானே மாத்திரையை நாக்கில் வைத்து, தண்ணீர் கொடுத்து, தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பொன்னழகுக்குப் போன் செய்தார்.

பொன்னழகு மறுநாள் வந்து இறங்கினாள். மூவரும் வரிசையாக நின்றார்கள்.

"எங்க மூளையைக் கலக்கவே இல்லை மதினி."

"கலந்திருந்தாக்கூட இவ்வளவு கெட்டிருக்காது," என்றாள் அவள்.

அதன்பிறகு எல்லாம் பொன்னழகு கையில். மாத்திரையை அவளே வாயில் போட்டாள். கருவாட்டுப் பானையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். தினம் காலையில் கண்மாய்க்கரைவரை நடக்கவைத்தாள். மேஸ்திரி பேத்தியையும் பார்த்தார். மூன்று மாதம் கழித்து அளந்தபோது மேலே நூற்று முப்பது, கீழே எண்பது.

"இதைத்தான் எதிர்பார்த்தேன்," என்று டாக்டர் சிரித்தார். "வந்ததுதான் வந்தீங்க, மூணு பேரும் உக்காருங்க. உங்களுக்கும் பாத்துருவோம். முப்பது வயசு தாண்டினா எல்லாரும் பாத்துக்கிடணும்."

சன்னாசிக்குச் சரியாக இருந்தது. நல்லுக்காளைக்கும் சரியாக இருந்தது. ஒச்சப்பனுக்கு நூற்று எழுபது.

நல்லுக்காளை விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

"அண்ணனுக்கு அம்பது குறைஞ்சிருக்கு," என்றான் நல்லுக்காளை மெதுவாக. "அது எங்க போச்சுன்னு இப்பத் தெரியுது."

"நான் எடுக்கலைடா!" என்று ஒச்சப்பன் பதறினான். "பெஞ்சுல பக்கத்துல உக்காந்திருந்தேன், அதுவா ஏறியிருக்கும்!"

"இவன்கிட்ட நாப்பதுதான் அதிகமா இருக்கு. மிச்சம் பத்து?"

மூவரும் திரும்பி, ஓரமாக நின்றிருந்த நர்ஸைப் பார்த்தார்கள். நர்ஸ் வேகமாக வெளியே போய்விட்டாள்.

மேஸ்திரி எழுந்தார். கண் கலங்கியிருந்தது. "யாரும் அவனைப் பேசாதீங்க. என் பாரத்தை இத்தனை நாள் ஒத்தையாச் சுமந்திருக்கான். நாலு பேர் இருக்கோம், நாப்பதுதானே? ஆளுக்குப் பத்து."

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் மூன்று பேர் துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டார்கள். ஒச்சப்பன் முதுகைத் திருப்பிக் குனிந்து, லாரிப் பலகையைப் பிடிப்பதுபோல மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"இறக்குங்க டாக்டரம்மா," என்றான் நல்லுக்காளை. "அண்ணன் தலையில மட்டும் அஞ்சு வைங்க, நோயில கிடந்து எழுந்த உடம்பு. மிச்ச அஞ்சை நான் ரெண்டாவது நடையில வந்து எடுத்துக்கிடுறேன்."