கண்ணாடி இல்லாத கேமராவும் என் ஒற்றைத் தோடும்

“கூட்டுக்குள்ள தோடு இருக்கான்னு தெரியாம ஏணி வைக்க முடியாது எமிமா, காக்கா கொத்திட்டா யாரு பொறுப்பு?”

காலையிலிருந்து என் கணவர் சாலமோன் இதைச் சொல்வது ஐந்தாவது தடவை. ஓர் எழுத்து மாறவில்லை. முப்பது வருஷம் ஆபீசில் நகல் எடுத்த மனுஷன்.

நடந்தது இதுதான். முகம் கழுவக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்த என் வைரத் தோட்டில் ஒன்றைக் காக்கா தூக்கிப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை தங்கை மகள் கல்யாணம். ஒற்றைக் காதோடு போய் நின்றால், பொண்ணை விட்டுவிட்டு என்னைத்தான் பார்ப்பார்கள். கூடு எங்கள் வாசல் மாமரத்தில். மாடி ஜன்னலில் நின்றால் பன்னிரண்டு அடி. உள்ளே ஏதோ மினுங்குவது வெறும் கண்ணுக்கே தெரிகிறது.

“உனக்குத் தெரிஞ்சா சாட்சி ஆயிருமாம்மா? போட்டோ வேணும்லா,” என்றார் தங்கையா அண்ணன். என் நாத்தனார் புருஷன்.

கேமரா என் வீட்டுக்காரருடையது, மிரர்லெஸ். தூரத்தை இழுத்துக் காட்டும் ஜூம் லென்ஸ் எதிர்வீட்டு மகாராஜனுடையது. ஒரு முழ நீளம், வேறு கம்பெனி. ஒன்றுக்கொன்று பொருந்தாது. மூவரும் ஜங்ஷனுக்குப் போய், நடுவில் மாட்டுகிற அடாப்டர் ரிங் ஒன்று வாங்கி வந்தார்கள். வளையல் போல லேசு, பளபளப்பு. கடைக்காரர் மூன்று விஷயம் சொல்லி அனுப்பினாராம்: மிரர்லெஸ் என்றால் கண்ணாடி இல்லாத கேமரா. இந்த லென்ஸுக்குக் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். லென்ஸ் கனம், முட்டுக் கொடுக்க வேண்டும்.

அப்படியே செய்தார்கள்.

முதலில் மூவரும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார்கள்.

“எனக்கு மரமே தெரியலையே வே,” என்றார் மகாராஜன்.

“கண்ணாடி இல்லாத கேமரான்னா அப்படித்தான். பழகணும்,” என்றார் இவர்.

அடுத்து, தள்ளி நிற்பது. தெருவைத் தாண்டி மகாராஜன் வீட்டு மொட்டைமாடிக்கே போய்விட்டார்கள். பன்னிரண்டு அடி இப்போது எண்பது அடி. “இப்பதான் லென்ஸுக்கு வேலை இருக்கு,” என்று தங்கையா அண்ணனுக்கு மனநிறைவு.

மூன்றாவது, முட்டு. அதற்கு என் ஏணியைத் தூக்கிப் போய் விரித்து, படியில் என் தலையணையைப் போட்டு, லென்ஸைப் பிள்ளை மாதிரிப் படுக்க வைத்தார்கள். ஏணியைத் திருப்பி வாங்க நானும் பின்னாலேயே போனேன்.

இவர் பொத்தானை அமுக்கினார். திரையில் என்னவோ எழுத்து வந்தது. மூன்று ஆண்பிள்ளைகளும் மூக்கைத் திரையில் தேய்த்துப் பார்த்தும் வாசிக்க முடியவில்லை. நான் வாசித்தேன்: “லென்ஸ் மாட்டப்படவில்லை.”

“இத்தாம் பெருசு மாட்டியிருக்கு, மாட்டலைங்குதே!” மகாராஜனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“வேற கம்பெனி வே. மதிக்க மாட்டேங்குது,” என்றார் தங்கையா அண்ணன்.

இவர் வெகுநேரம் யோசித்தார். “இல்ல அத்தான். அதுவும் கண்ணாடி இல்லாத கேமரா. அதுக்கும் கண்ணு தெரியல.”

மூவரும் கேமராவைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. கான்வென்டில் எங்களுக்கு வேறு எது சொல்லித்தந்தார்களோ இல்லையோ, கூட வந்த தாளை வாசித்துவிட்டுப் பொருளைத் தொடச் சொல்லித்தந்தார்கள். ரிங்கோடு வந்த தாளைப் பிரித்தேன். “வேற கம்பெனி லென்ஸ் மாட்டினா, செட்டிங்ல ‘லென்ஸ் இல்லாமல் படமெடு’ன்னு ஒண்ணு இருக்காம். அதை அமுக்கணுமாம்.”

“லென்ஸ் இல்லாம எடுக்கணுமாம்ல!” என்றார் இவர்.

உடனே லென்ஸைக் கழற்றினார்கள். ரிங்கையும் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் வைத்தார்கள்.

காக்கா வந்தது. அதற்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. ரிங்கைக் கவ்விக்கொண்டு போனது.

“என்னமோ பறந்துச்சே?”

“புறா,” என்றார் மகாராஜன்.

“காக்கா. உங்க ரிங்கைத் தூக்கிட்டுக் கூட்டுக்குப் போகுது,” என்றேன்.

மொட்டைமாடியிலேயே கூட்டம் போட்டுப் பேசினார்கள். தீர்மானத்தை இவர் அறிவித்தார். “இன்னொரு ரிங் வாங்குதோம். அதை மாட்டி, பழைய ரிங் கூட்டுல இருக்கான்னு முதல்ல ஒரு போட்டோ எடுக்கோம்.”

“என் தோடு?”

“அது அடுத்த போட்டோ எமிமா. எல்லாம் வரிசைப்படிதான வரணும்?”

மகாராஜன் கடைக்குக் கிளம்பினார், தடவித் தடவி. மற்ற இருவரும் ஏணிக்கு ஆளுக்கொரு பக்கம் காவலுக்கு நின்றுகொண்டார்கள்; ஏணி அசைந்தால் ஃபோகஸ் போய்விடுமாம். தலையணை மேல் ஒன்றுமே இல்லை.

“அந்த ஏணியை அஞ்சே அஞ்சு நிமிஷம் குடுங்க, நானே ஏறி எடுத்துக்கிடுதேன்,” என்றேன். ஓர் எழுத்து மாறாமல் ஐந்து தடவை சொன்னேன்.