சுண்ணாம்புக்கு அடியில்

முன்னொரு நாளில் யூதர்களின் ஊர் ஒன்று மொத்தமாகத் தடம் மாறிப்போனது. தன் கடவுளை விட்டுவிட்டு வேறொரு சிலையைக் கும்பிட்டது. அந்தக் காலத்துச் சட்டமோ பொல்லாதது. அப்படிப்பட்ட ஊரை ஒரு துரும்பு விடாமல் எரித்துவிட வேண்டுமாம்.

சட்டம் தீயைக் கூப்பிட்டது. தீ அழாத குறையாக வந்து நின்றது.

"நான் இந்த ஊர் அடுப்புகளில் வளர்ந்தவன். எந்தக் குழந்தைக்குக் கஞ்சி எவ்வளவு சூடு பிடிக்கும் என்றுகூட எனக்குத் தெரியும். என்னைப் போய் இதைச் செய்யச் சொல்கிறீர்களே!"

"நான் என்னப்பா செய்வேன், எழுதியிருக்கிறதே! எரிக்கும் முன்னால் நன்றாகத் தேடிப் பார்க்கவும் எழுதியிருக்கிறது. போ, ஒரு வீடு விடாதே."

யூத வீட்டு நிலைக்காலில், கடவுளின் பெயர் எழுதிய தோல்சுருள் ஒன்றைச் சின்னக் குழலில் வைத்து அடித்திருப்பார்கள். போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டு விரலை முத்தமிடுவார்கள். இந்த ஊரில் அதையும் பிடுங்கி எறிந்திருந்தார்கள், பாவிகள்!

தீ வீடு வீடாகத் தேடிக்கொண்டே வந்தது. கடைசி வீடு, கம்பளி நெய்கிற யோகெபேத்துடையது. தீயைக் கண்டதும் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். வரும்போதே அவள் கை தானாக நிலைக்காலைத் தொட்டு உதட்டுக்குப் போனது.

"நானும் கும்பிட்டேன், பொய் சொல்லமாட்டேன். இவளை மட்டும் விட்டுடுப்பா!"

"அது கிடக்கட்டும் தாயே. இப்போது எதைத் தொட்டாய்?"

அவள் திருதிருவென்று விழித்தாள். "செத்துப்போன என் வீட்டுக்காரர் அடித்து வைத்த சுருள். பிடுங்க மனசு வரலை. யாரும் பார்க்காமல் சுண்ணாம்பு பூசிவிட்டேன். இந்தக் கைதான் மறக்கமாட்டேன் என்கிறது."

"இங்கேதான் இருக்கிறேன்," என்றது சுண்ணாம்புக்கு அடியிலிருந்து சுருள்.

தீ சட்டத்திடம் ஓடியது. "ஐயா, கடவுளின் பெயரை நான் எரிக்கலாமா?"

"கூடவே கூடாது."

"அதை மட்டும் கழற்றிவிட்டு..." தீ பயந்து பயந்து கேட்டது.

"எல்லாவற்றையும் எரி என்றுதான் எழுதியிருக்கிறது. ஒன்று மிஞ்சினாலும் அது 'எல்லாம்' ஆகாது. இனி அந்த ஊரைத் தொட உனக்கு உரிமையில்லை. போய் அடுப்பில் உட்கார்."

தீ சந்தோஷத்தில் துள்ளிக்கொண்டு கிளம்பியது. போகிற போக்கில் திரும்பிச் சொன்னது: "குற்றத்தைத் தேடத்தான் அனுப்பினீர்கள் என்று நினைத்தேன், ஐயா."

சட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"அதற்கு முதல் வீடே போதுமேயப்பா."