நீர்க்காகம் இறக்கை விரித்துக் காட்டியது

அந்தக் காலத்தில், பறவையும் மீனும் ஒரே பேச்சு பேசிக்கொண்டிருந்தபோது, நெடுங்கரை ஏரிக்கு ஒரு கூழைக்கடா அதிகாரியாக இருந்தது. ஏரி என்றால் சாதாரண ஏரியா? இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரியாது. தினமும் காலையில் சூரியன் அதற்குள்ளிருந்துதான் முக்குளித்து எழுகிறது என்று பறவைகள் நம்பின.

அந்த ஏரிக்கு ஒரே சட்டம்தான். வெளியூர் மீன், குஞ்சானாலும் முட்டையானாலும், உள்ளே வரக் கூடாது. வருகிற பறவையெல்லாம் மதகின் மேல் இறங்கி, கூழைக்கடாவிடம் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் தண்ணீரில் கால் வைக்கும்.

காரி என்ற நீர்க்காகத்துக்கு இது பிடிக்கவே இல்லை. அப்பன் ஆத்தாள் துணையில்லாமல் தானாக வளர்ந்தவள். மூக்குக்கு மேல் கோபம். ஏரி நடுவே கருவேல மரத்துக் கிளைக்காகக் கொக்கோடு நாள் முழுக்க மல்லுக்கட்டி, அதில் கூடு கட்டி, மூன்று குஞ்சு பொரித்திருந்தாள்.

ஒருநாள் கடல் தாண்டி வந்த நாரை ஒன்று பக்கத்து வயலில் இறங்கியது. அதன் அலகில் விரல் நீள மீன், மீசையோடு துள்ளியது.

"தாயி, இது தண்ணி இல்லாட்டியும் சாகாது. எதைப் போட்டாலும் தின்னும். மலை மாதிரி வளரும்."

"உசத்தியா பேசாதய்யா. என்ன கேக்குற?"

"உன் கிளையில ஒரு வாரம் தங்க இடம்."

"மூணு நாள். இஷ்டம்னா குடு, இல்லாட்டி நடையைக் கட்டு."

நாரை மீனைக் கொடுத்தது. இது ஒன்று வளர்ந்தால் குஞ்சுகளுக்கு ஆயுசுக்கும் தீனி என்று காரி கணக்குப் போட்டாள். அதை இறக்கைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு மதகில் இறங்கி, வாயை அகலத் திறந்து காட்டினாள். கூழைக்கடா எட்டிப் பார்த்தது. "போம்மா" என்றது.

அவள் ஏரியில் விட்ட மீசைமீன் வளர்ந்தது. அப்படி ஒரு வளர்த்தியை அந்த ஏரி கண்டதில்லை. அயிரைக் கூட்டம் காணாமல் போனது. கெண்டை போனது. காலையில் தண்ணீர் மேல் ஒரு வட்டம்கூட விழவில்லை. அத்தனை பெரிய ஏரி, மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது. எப்போதாவது நடுவில் கறுத்த முதுகு ஒன்று பனந்துண்டு மாதிரி எழும்பும். கரைப் பறவைகள் அத்தனையும் சட்டென்று பறந்து விலகும்.

காரியின் குஞ்சுகள் பசியில் கத்திக் கத்திக் குரல் கம்மிப்போயின.

விரால் ஒருத்தி கரையோரம் வந்தாள். அவளைச் சுற்றி எப்போதும் சிவப்பாய் மொய்க்கும் குஞ்சுகளில் ஒன்றுகூட இல்லை.

"அதிகாரி ஐயா, அது மதகுப் பள்ளத்துல படுத்திருக்கு. மழை விழுந்தா கரையேறி அடுத்த ஏரிக்குப் போயிடும். ஈர மண்ணுல ஊர்ந்தே போகுமாம். அப்புறம் எந்த ஏரியும் மிஞ்சாது."

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். மேற்கே மேகம் திரண்டிருந்தது.

"யார் கொண்டு வந்தது?" கூழைக்கடா சுற்றிலும் பார்த்தது. "எல்லார் வாயையும் நான் பார்த்தேனே!"

"வாயை மட்டும்தானே பாத்தீங்க!" காரி வெடித்தாள். "நான்தான். இறக்கைக்குள்ள வச்சுக் கொண்டாந்தேன். போதுமா? நானே அதை வெளிய இழுத்துட்டு வரேன். உங்க கூழைக்கடாக் கூட்டமெல்லாம் கரையோரம் அரைவட்டமா நிக்கட்டும்."

பாய்ந்தாள். பாதி ஆழம்கூடப் போகவில்லை, தக்கை மாதிரி மேலே வந்துவிட்டாள். அந்நாளில் நீர்க்காகத்தின் இறகிலும் வாத்துக்கு இருப்பதுபோல் எண்ணெய்ப் பசை இருந்தது. தண்ணீர் ஒட்டாது, ஆழத்துக்குப் போகவும் விடாது.

"அவ்வளவுதானா உன் வீரம்?" என்றாள் விரால்.

காரி கரையேறினாள். அங்கே வெள்ளையாய்ப் பூத்திருந்த, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் உவர்மண்ணில் விழுந்து புரண்டாள். இறகு இறகாகத் தேய்த்தாள்.

"ஏய், அந்தப் பசை திரும்ப ஊறாது! ஆயுசுக்கும் நனைஞ்சே கிடப்ப!" என்று அலறியது கூழைக்கடா.

"என் குஞ்சு காஞ்சு கிடக்கே, அதுக்கு இது தேவலை."

இந்த முறை கல் மாதிரி இறங்கினாள். ஒளி பச்சையானது, பிறகு கறுப்பானது. ஏரிக்கு அடியில் இன்னொரு ஏரி இருப்பதுபோல் ஒரு குளிர். அந்த இருட்டில் மீசைமீன் வாய் திறந்து கிடந்தது. அது மூச்சு விட, பள்ளமே மூச்சு விட்டது. காரி மீசையை அலகால் கவ்வி இழுத்தாள். அது சீறிக்கொண்டு துரத்த, அவள் மேலே மேலே ஓடிவந்தாள். அரைவட்டமாய்க் காத்திருந்த கூழைக்கடாக்கள் வாய்ப்பையை விரித்து மடக்கி, அதைக் கரைப்பாறைக்கு ஒதுக்கின. வெயிலில் அது அந்தி வரை வாயசைத்துக்கொண்டே கிடந்தது.  அது அசைவற்ற பிறகுதான் முதல் தூறல் விழுந்தது.

மறுநாள் காரி தண்ணீரிலிருந்து ஏறி மதகில் நின்றாள். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கூழைக்கடா தயங்கித் தயங்கி, "வாயைக் கொஞ்சம்..." என்றது.

"வாய் என்ன வாய்!" இரண்டு இறக்கைகளையும் அகல விரித்தாள். "இங்க பாருங்க. நல்லாப் பாருங்க!"

கூழைக்கடா பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. அவளும் மடக்கவில்லை.

அன்று முதல்தான் எந்த ஏரியிலும் நீர்க்காகம் முங்கி எழுந்தால், நேரே கரைக்கம்பத்தில் ஏறி, யாரும் கேட்காமலே இரண்டு இறக்கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறது.