எல்லாம் எட்டு

"அம்மா, அந்த தெர்மாமீட்டர் பொய் சொல்லுது" என்று வந்து நின்றார் பொன்னம்பலம்.

குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு அறுபத்திரண்டு. புள்ளிவிவர அலுவலகத்தில் ஓய்வு பெற்று, நிம்மதி தேடி ஆசிரமத்துக்கு வந்தவர். நிம்மதி எங்கே வரும்? பால்காரரைச் சந்தேகப்பட்டார். சமையல்காரரைச் சந்தேகப்பட்டார். ஆசிரமத்துப் பூனையைக்கூட ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். இப்போது தெர்மாமீட்டர்.

வல்லியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர்தான் குரு.

"எந்த தெர்மாமீட்டர் ஐயா?"

"பாம்புக்கடி மருந்து வச்சிருக்கோமே, அந்த ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கிறது. மணிக்கொரு தடவை அதுவே கம்ப்யூட்டருக்கு டிகிரி அனுப்புது. ரெண்டுக்கும் எட்டுக்கும் நடுவுல இருக்கணும். நேத்து பத்தொம்பதுங்குது! ஃப்ரிட்ஜ் எங்கயாவது பத்தொம்பதுக்குப் போகுமா?"

"போகாதா?"

"கரண்ட் போச்சு, ஒத்துக்கறேன். அதுக்காகப் பத்தொம்பதா? சும்மா அடிச்சு விடுது."

"திறந்து கையை வச்சுப் பாத்தீங்களா?"

"எதுக்கும்மா? எக்செல்ல ஒரு ஃபார்முலா போட்டுட்டேன். எட்டுக்கு மேல என்ன வந்தாலும் எட்டுன்னு காட்டும். ரெண்டுக்குக் கீழ வந்தா ரெண்டு. பாருங்க, ஒரு சிவப்பு கிடையாது. எல்லாம் பச்சை."

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். எட்டு, எட்டு, எட்டு என்று திரையின் அடிவரைக்கும் இறங்கியிருந்தது.

வல்லியம்மா திரையைப் பார்த்தார். பிறகு பொன்னம்பலத்தின் முகத்தைப் பார்த்தார். அங்கேதான் அதிக நேரம் பார்த்தார்.

"இத்தனை எட்டா?"

"எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம்மா."

"ம்."

அந்த 'ம்' பொன்னம்பலத்துக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சாயங்காலம் அஞ்சலை வந்தாள். கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. வெட்டுக்கு முந்தின நாள் வந்து ஆசிரமத்து வாசலில் ஒரு கேள்வி கேட்பாள். பதில் வாங்காமல் அவள் ஆட்கள் தோட்டத்துக்குள் கால் வைக்க மாட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். போன வருஷம் அவள் தங்கச்சி புருஷனை விரியன் கடித்தபோது, இந்த ஃப்ரிட்ஜில் இருந்த மருந்துதான் உயிரைப் பிடித்து வைத்தது.

"ஐயா, மருந்து இருக்கா?"

"இருக்கு. எட்டு டிகிரி."

"எட்டுன்னா நல்லதா?"

"எட்டு வரைக்கும் நல்லது. அதைத் தாண்டினா மருந்தை நம்ப முடியாது."

"தாண்டலையே? என் பொண்ணு நாளைக்குத்தான் முதல் தடவையா வெட்டுக்கு வருது. அதான் கேக்கறேன்."

"கம்ப்யூட்டரே சொல்லுதும்மா. வேற என்ன வேணும்?"

அஞ்சலைக்கு என்னவோ போல இருந்தது. வல்லியம்மா பக்கம் திரும்பினாள்.

வல்லியம்மா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"ஐயா, செருப்பைக் கழட்டுங்க."

"எதுக்கும்மா?"

"எதிர்த் தோட்டத்துக்குள்ள போய் ஒரு கரும்பு ஒடிச்சிட்டு வாங்க. வெறுங்காலோட."

பொன்னம்பலம் சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

"இருட்டப் போற நேரத்துலயா? விளையாடறீங்களா? உள்ள விரியன் கிடக்கும்மா!"

"கிடக்கட்டுமே. மருந்துதான் எட்டுல இருக்கே."

அவர் வல்லியம்மாவைப் பார்த்தார். ஏதாவது சூதா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சரி, போய்விட்டு வந்து காட்டுவோம் என்று ஒரு செருப்பைக் கழற்றினார்.

எதிரே கரும்புத் தோகை சரசரத்தது. காற்றாகத்தான் இருக்கும். காற்றுதானா என்று காதைத் தீட்டிக் கேட்டார். பூனையாகவும் இருக்கலாம். அதுவும் இல்லையென்றால்?

மறு செருப்பு காலிலேயே இருந்தது. பயமாக இருந்தது. பயந்தது இரண்டு பெண்களுக்கும் தெரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

அஞ்சலை அந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள்.

"ஐயா" என்றாள் மறுபடியும், மெதுவாக. "மருந்து இருக்கா?"



"பத்தொம்பது" என்றார் பொன்னம்பலம்.