கயிறு இழுக்காதவர்கள்

"ஒருத்தர்கூடக் கயித்தை இழுக்க மாட்டேங்கிறாங்கம்மா," என்றார் தணிகாசலம்.

மடத்தின் குரு நிறைமொழி அம்மையார் பந்திக்கு வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எந்தக் கயிறு?"

தணிகாசலத்துக்கு ஓய்வுபெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மையார் நாற்பதை அப்போதுதான் கடந்திருந்தார். குருவைவிட மூத்த சீடர்கள் அந்த மடத்துக்குப் புதியவர்கள் அல்லர். விமானத்தை விட்டு இறங்கிய தணிகாசலம் வீட்டுக்கும் போகாமல் நேரே அங்கு வந்திருந்தார்.

அவருடைய நிறுவனம் வாகன விளக்குகள் செய்வது. தாய்த் தொழிற்சாலை சென்னையை அடுத்த ஒரகடத்தில். கிளைகள் நான்கு நாடுகளில். ஓரிடத்தில் பலித்த வேலைமுறையை மற்ற இடங்களுக்குக் கொண்டுசென்று நிலைநிறுத்துவது அவர் தலைமை வகித்த பிரிவின் கடமை.

"வேலை பார்க்கிறவங்க தலைக்கு மேல ஒரு கயிறு தொங்கும்மா. விளக்குல பிழை கண்டா அதை இழுக்கணும். மணி அடிக்கும், உற்பத்தி வரிசை நிக்கும், மேற்பார்வையாளர் ஓடி வருவார். ஒரகடத்துல இழுத்து இழுத்துக் கயிறே தேஞ்சுபோகும். ஹைபாங்ல மூணு வருஷமாத் தொங்குது. தூசு தட்டத்தான் தொடறாங்க."

"ஹைபாங் எங்க இருக்கு?"

"வியட்நாம்ல."

"அங்க பிழையே வராதோ என்னவோ."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். வாங்கினவங்க திருப்பி அனுப்பறது மத்த ஊரைவிட அங்க குறைச்சல்தான். இந்த மாசம் திடீர்னு மூணு மடங்கு ஆயிடுச்சு. பிழையை மறைக்கிறாங்கன்னு மேலிடம் சொல்லுது. தொழிற்சாலையை மூடலாமா, வேண்டாமான்னு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் எழுதி அனுப்பணும். அறுநூறு பேரோட வேலைம்மா."

"என்ன எழுதப்போறீங்க?"

"மூடுங்கன்னுதான்."

அவர் தூணில் சாய்ந்துகொண்டார்.

"அலுத்துப்போச்சும்மா. நாலு நாட்டுல ஒரே பாட்டைப் பாடியாச்சு. அவங்க வாயைத் திறக்க வைக்க ஒரு வழி சொல்லுங்க. இல்லேன்னா, கையெழுத்துப் போடறதுக்கு என் மனசைத் தேத்தி அனுப்புங்க."

"முதல்ல சாப்பிடுங்க. இன்னிக்கு என் சமையல்."

பந்தியின் முகப்பில் அம்மையார் ஒரு வெண்கல மணியை வைத்தார்.

"பேசாம சாப்பிடணும். சமையல்ல குறை இருந்தா யார் வேணும்னாலும் மணி அடிக்கலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க," என்றார்.

சாம்பாரில் உப்பு இல்லை. ரசத்திலும் இல்லை.

தணிகாசலம் மணியைப் பார்த்தார். பின்னர், குனிந்து பரிமாறிக்கொண்டிருந்த அம்மையாரைப் பார்த்தார். இலைகளுக்கு முன்னே ஒரு கிண்ணத்தில் உப்பு நாரத்தங்காய் இருந்தது. ஒரு துண்டை எடுத்து, கிள்ளிக் கிள்ளிச் சோற்றில் பிசைந்து உண்டார்.

பக்கத்து இலையில் ஒரு லாரி ஓட்டுநர் முதல் கவளத்தோடு கையை நிறுத்தியிருந்தார். தணிகாசலம் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார். ஓட்டுநர் எடுத்துக்கொண்டு அடுத்தவர் பக்கம் நகர்த்தினார். கிண்ணம் பந்தியின் கடைசி வரை சென்றது.

மணி ஒலிக்கவில்லை.

கை கழுவி வந்த தணிகாசலத்திடம் அம்மையார் கேட்டார்:

"சாப்பாடு எப்படி?"

"திருப்தியா இருந்ததும்மா."

"உப்பு?"

தணிகாசலம் தரையைப் பார்த்தார்.

"மணி அடிக்கலாம்னு சொன்னேனே. காதுல விழலையா?"

"விழுந்தது. சமைச்சவங்க நீங்க. அத்தனை பேர் நடுவுல எப்படிம்மா அடிக்கிறது?"

"சரி. இந்தப் பந்தியைப் பத்தி உங்க மேலிடத்துக்கு எழுதுங்க. மணி ஒலிக்கலை. அதனால மடத்துல சாப்பிட்ட ஒருத்தருக்கும் நாக்கு கிடையாது. சரிதானே?"

"அது எப்படிம்மா? எல்லாருக்கும்தான் தெரிஞ்சிருந்தது. கிண்ணம் கைமாறிட்டே இருந்ததே."

"அங்க எது கைமாறுது?"

ஓட்டுநர் வெளியே சென்று லாரியைக் கிளப்பும் ஓசை கேட்டது. தணிகாசலம் தம் கையை விரித்துப் பார்த்தார்.

"கையுறை."

"என்ன கையுறை?"

"மேசை விளிம்புல ஒத்தைக் கையுறை கிடக்கும். யாராவது கழட்டி வெச்சிருப்பாங்க. கொஞ்ச நேரத்துல பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து, அவங்க கையில இருக்கிற விளக்கை வாங்கித் திருப்பிப் பார்ப்பார். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்க மாட்டாங்க. அந்த விளக்கு மட்டும் வரிசையை விட்டுத் தனியாப் போயிடும்."

"அதைப் பார்த்துட்டு என்ன பண்ணினீங்க?"

"ஒரகடத்துல மேசைமேல எதையும் போடக் கூடாது. அந்த ஒழுங்கு அங்கேயும் வரணும்னு, கையுறையைக் கழட்டவே கூடாதுன்னு உத்தரவு போட்டேன்."

"எப்போ?"

"போன மாசம்."

அம்மையார் மணியை எடுத்து உள்ளே வைத்தார்.

இக்கதையைச் சொல்வோரில் பலர் இவ்விடத்தோடு நிறுத்திக்கொள்வர். ஒரகடத்தில் வேலை செய்தவர்கள் மட்டும் இன்னும் சற்றுத் தூரம் செல்வர்.

மாலையில் மடத்து வாசலில் நின்றபடி தணிகாசலம் ஹைபாங்குக்குத் தொலைபேசியில் பேசினாராம். தொழிற்சாலையை நடத்திவந்த ஹான் என்ற பெண்மணி எடுத்தார்.

"கையுறை உத்தரவை விலக்கிக்கொண்டேன்," என்றார் தணிகாசலம்.

இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் ஹான் குரலை உயர்த்திக் கேட்டார்:

"அறிக்கை போய்விட்டதா, ஐயா?"

"இப்போதுதான் அனுப்பினேன்."

"மூடச் சொல்லி எழுதினீர்களா?"

"ஆம். ஒரு பிரிவை."

"எதை?"

"என்னுடையதை."