இருபத்தாறு சிரித்த முகங்கள்

"சாமி, சிவக்கொழுந்தும் போறாராம்."

பூவராகன் வந்து நின்ற வேகத்தில் மேல்துண்டு தோளைவிட்டு நழுவியது. அதை எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

இளைய சாமி படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடி வைத்தார். முப்பத்தொரு வயதில் மடத்தின் தலைமைக்கு வந்தவர், இப்போது முப்பத்தாறு. எதிரே நிற்கும் சீடருக்கு அறுபத்திரண்டு. பெரிய ஆலையொன்றில் முப்பது வருடம் ஊழியர் நலன் பார்த்து ஓய்வு பெற்றவர். இனிமேல் ஆன்மாவின் நலனைப் பார்க்கலாம் என்று மடத்துக்கு வந்தார். சாமி அவரைச் சமையல்கட்டுக்குப் பொறுப்பாகப் போட்டுவிட்டார்.

"எப்போ போறாராம்?"

"குருபூசை முடிஞ்ச மறுநாள். இன்னும் ஒன்பதே நாள். ஏற்கெனவே நாலு பேர் போயாச்சு. தலைமைச் சமையல்காரரும் போயிட்டா மிச்சப் பேரு நிப்பாங்களா? தினம் ஆயிரம் பேர் சாப்பிடற இடம் சாமி. அடுப்பு அணைஞ்சிடும்."

"ஏன் போறாராம்?"

"அதைக் கேக்கத்தான் உங்ககிட்ட வந்தேன்."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். 'ஒண்ணுமில்லைங்கய்யா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு'ங்கறார். நல்லா இருந்தா எதுக்குப் போறார்?"

சாமி மூக்கை உயர்த்திக் காற்றை இழுத்தார்.

"இன்னைக்கு என்ன சாம்பார்?"

பூவராகன் விழித்தார். "தெரியலையே சாமி. அட்டவணையைப் பார்த்துச் சொல்றேன்."

"எனக்கும் தெரியலை. நாலு மாசமா தெரியலை."

நாலு மாதத்துக்கு முன்புதான் விறகடுப்பை எடுத்துவிட்டு, இறுக்கி மூடிய நீராவி அண்டாக்கள் வந்திருந்தன. பூவராகனின் ஏற்பாடுதான். புகை போனது. கண் எரிச்சல் போனது. கரி பிடித்த சுவருக்கு வெள்ளையடித்து, காற்றாடி மாட்டி, உட்கார நாற்காலி போட்டார். திங்கட்கிழமை தோறும் மூச்சுப் பயிற்சி. பிறந்தநாள்காரருக்குத் தனியாகக் கேசரி. சும்மா சொல்லக்கூடாது, மனிதர் மனசாரத்தான் செய்தார்.

வாசலில் ஓர் அட்டையும் மாட்டியிருந்தார். அதில் எல்லாருடைய பெயரும் இருக்கும். காலையில் உள்ளே நுழையும்போது அவரவர் பெயருக்கு நேரே ஒரு முகப் படத்தை ஒட்ட வேண்டும். சிரித்த முகம், சும்மா இருக்கும் முகம், அழுத முகம், மூன்றில் எது வேண்டுமானாலும் ஒட்டலாம்.

"அட்டையில என்ன சொல்றாங்க?" என்றார் சாமி.

"இருபத்தாறு பேரும் சிரித்த முகம்தான் சாமி. ஒரு நாள் தவறினதில்லை. மத்த ரெண்டு படக் கட்டையும் பிரிக்கவே இல்லை."

சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூவராகனுக்கு வரவில்லை.

"இத்தனையும் செஞ்சும் எங்க தப்பு? அதை மட்டும் சொல்லுங்க சாமி, திருத்திக்கறேன்."

சாமி கையை நீட்டினார். ஆசீர்வாதம் என்று நினைத்துப் பூவராகன் குனிந்தார். சாமி அவர் மணிக்கட்டிலிருந்து கைக்கடிகாரத்தைக் கழற்றித் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"நாளைக்குச் சாம்பார் ஆச்சுன்னு நீங்க சொல்லுங்க."

"நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? நேரம் ஆனா அண்டாவில மணி அடிக்கும்."

"நாளைக்கு அடிக்காது. நிறுத்தச் சொல்லிடறேன்."

சாமி புத்தகத்தைத் திறந்துகொண்டார்.

*

மறுநாள் காலை பூவராகன் அண்டாவின் முன் நின்றார். சுவர்க் கடிகாரம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

உள்ளே பருப்பு கொதிக்கிறதா குழைகிறதா, ஒன்றும் தெரியவில்லை. பளபளவென்று மூடி. அதில் தெரிந்ததெல்லாம் அவருடைய முகம்தான்.

கரண்டியை விட்டு ருசி பார்க்கவும் முடியாது. அந்த மடத்தில் ஆதி குருவின் சமாதிக்குப் படைக்கும் முன் யாரும் நாக்கில் வைக்கக்கூடாது. நாக்குக்குத்தான் தடை, மூக்குக்கு இல்லை என்று ஆதி குருவே சொல்லிவிட்டுப் போனாராம். அதனால் அங்கே தலைமைச் சமையல்காரர் மூக்கால்தான் சமைப்பார். விறகடுப்புக் காலத்தில் சிவக்கொழுந்து அண்டாவின் மேல் குனிவார். இருபது முப்பது பேரும் கையில் இருப்பதை வைத்துவிட்டு அவரையே பார்ப்பார்கள். அவர் "போதும்" என்பார். அப்புறம்தான் அண்டா இறங்கும்.

இப்போது எல்லாரும் பூவராகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குப் பயம் வந்தது. முப்பது வருட உத்தியோகத்தில் எத்தனையோ கூட்டங்களின் முன் நின்றிருக்கிறார். இந்தப் பயம் வந்ததில்லை. பயத்தோடு இன்னொன்றும் இருந்தது. இத்தனை பேர் தன் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறார்கள் என்பது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், நன்றாக இருந்தது. இது தினமும் ஒரு மனிதருக்குக் கிடைத்துக்கொண்டிருந்ததே என்று நினைத்தார்.

ஐந்து நிமிடம் போயிருக்கும். இல்லை, பத்தா?

சிவக்கொழுந்து மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் கிடந்தன.

"சிவக்கொழுந்து, எனக்குத் தெரியலைங்க. நீங்க வந்து சொல்லுங்க."

"மூடியைத் திறந்தாத்தானேங்கய்யா சொல்ல முடியும்?"

"திறங்களேன்."

"நேரம் முடியற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்குதே." சிவக்கொழுந்து குரலில் கோபமே இல்லை. "உங்க கையெழுத்துதான் போட்டிருக்கு."

போட்டிருந்தது. பச்சை மையில், அழகான கையெழுத்து.

பூவராகன் அந்தத் தாளைக் கிழித்தார். ஆவியைக் குறைத்துவிட்டு, திருகுகளைத் தானே கழற்றி மூடியைத் தள்ளினார். குபீரென்று எழுந்த ஆவியில் மூக்குக்கண்ணாடி மங்கியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டபோது சிவக்கொழுந்து பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

அவர் குனிந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தார்கள். யாரோ குழாயை மூடினார்கள்.

"புளி பச்சையா நிக்குது," என்றார் சிவக்கொழுந்து. "கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தார்கள். பூவராகனும் பொறுத்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கடிகார ஞாபகமே வரவில்லை.

"போதும்."

கரண்டிகள் எழுந்தன. பின்வரிசையில் ஓர் அம்மாள் எதையோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். நாலு மாதத்தில் அந்தச் சமையல்கட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றுதான்.

*

அதற்கு அடுத்த நாள் பூவராகன் மறுபடியும் ஓடி வந்தார். கையில் அந்த முக அட்டை.

"சாமி, நிலைமை மோசமாயிடுச்சு! நேத்து நல்லாத்தான் முடிஞ்சுதுன்னு நெனச்சேன். இன்னைக்குப் பாருங்க."

இருபத்தைந்து சிரித்த முகங்களுக்கு நடுவே சிவக்கொழுந்தின் பெயருக்கு நேரே ஓர் அழுத முகம். கோணலாக, அழுத்தி ஒட்டியிருந்தது.

"என்னன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். ஏன்டா கேட்டோம்னு ஆயிடுச்சு. ஒரு மணி நேரம் பிடிபிடின்னு பிடிச்சுட்டார். புளி சரியில்லையாம், வாங்கும்போது அவரை ஒரு வார்த்தை கேக்கலையாம். மூடியில ஒரு சின்னக் கதவு வெக்கணுமாம். மூச்சுப் பயிற்சியைக் காய் நறுக்கற நேரத்தில எவன் வெச்சான்னு கேட்டார். என்னைத்தான் சாமி! நான் குடுக்கற பிறந்தநாள் கேசரியில முந்திரியே இல்லைன்னு வேற."

"முந்திரி இல்லையா?"

"இல்லைதான். அதுவா இப்போ முக்கியம்? நாலு மாசமா வாயே திறக்காத மனுஷன் சாமி. இப்படிக் கத்தறவரை நான் எப்படிச் சமாதானம் பண்ணி நிறுத்தி வெப்பேன்?"

சாமி இழுப்பறையைத் திறந்தார். கைக்கடிகாரத்தை எடுத்துத் துண்டால் துடைத்தார்.

"கடைசியா என்ன சொன்னார்?"

"கடைசியாவா? அதுதான் உச்சம். மிரட்டவே மிரட்டிட்டார். அடுத்த வருஷக் குருபூசைக்கும் இதே புளியைக் கொண்டுவந்து இறக்கினீங்கன்னா அண்டாவைத் தொட மாட்டேன்னுட்டார்."

சாமி கடிகாரத்தை அவர் பக்கம் நீட்டினார்.

"எந்த வருஷம்?"

"அடுத்த வருஷ..." என்று ஆரம்பித்தார் பூவராகன். வாய் திறந்தபடியே நின்றார்.